இடது பக்கத்துக் கால்பலகை

1

"உங்கள் அம்மா இல்லை" என்று அந்த அதிகாரி சொன்னதும் நான் தலையாட்டினேன். உண்மைதானே. அம்மா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆனால் வண்டித் தகுதிச் சோதனைக்கு வந்த இடத்தில், கையில் டார்ச்சோடு என் பைக்குக்குக் கீழே குனிந்திருக்கும் இந்தப் பெண்மணிக்கு அது எப்படித் தெரிந்தது?

"ஆமாம். இந்தியாவில்" என்றேன் எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு டார்ச் வெளிச்சத்தைப் பின்னிருக்கைக்கு நான் செய்து மாட்டியிருந்த கால்பலகையின் அடிப்பக்கத்தில் நிறுத்தி, விரலால் தட்டிக் காட்டி, அதையே மறுபடியும் நிதானமாகச் சொன்னார். இரண்டு போல்ட் இருந்தன. ஒன்றில்தான் நட்டு இருந்தது.

ஜெர்மன் மொழியில் அம்மாவுக்கும் முட்டர், நட்டுக்கும் முட்டர். இந்த நாட்டுக்கு வந்து அந்த வாரத்தோடு ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் நான் படித்திருக்க வேண்டிய முதல் சொல் அதுதான். ஏனென்றால் பதினோரு வருஷம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நட்டும் போல்ட்டும் முடுக்கிச் சோறு தின்றவன் நான்.

சிரித்திருக்கலாம். ஆனால் சிரிப்பு வரவில்லை. அம்மா இல்லை என்பதை ஒருத்தர் வாயால் கேட்டது ஒரு பக்கம். நட்டு கழன்று விழுந்தது தெரியாமல் வண்டி ஓட்டி வந்தேனே என்கிற வெட்கம் இன்னொரு பக்கம். சரியான அளவில், தானாகக் கழலாத பூட்டு நட்டு கிடைக்காததால் தற்காலிகமாகச் சாதா நட்டைப் போட்டிருந்தேன். "தற்காலிகம்" என்பது மெக்கானிக்கின் வாயில் வரக்கூடாத வார்த்தை.

அதிகாரி எழுதிக் கொடுத்த தாளில் நாலு வரி இருந்தது. கால்பலகை சொந்தத் தயாரிப்பு. என்ன உலோகம் என்பதற்குச் சான்று இல்லை. தாங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே கழற்றிவிட்டுத்தான் வண்டியைச் சாலையில் ஓட்டலாம்.

கழற்றிவிட்டால் வண்டி ஓடும். கோமளா ஏற முடியாது.

2

கோமளா என் மனைவி. பொதட்டூர்பேட்டைக்காரி. மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் மெலிந்துபோனது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் காலிப்பர் போட்டுக்கொண்டுதான் நடப்பாள். முழங்கால் பக்கத்தில் ஒரு பூட்டு. நிற்கும்போது பூட்ட வேண்டும், உட்காரும்போது திறக்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி. நான் பராமரிப்பு ஃபிட்டர். அவள் அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பார்த்தாள். பேரிங் கேட்டு நான் எழுதிக்கொண்டுபோன சீட்டை அவள் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று தடவை திருப்பி அனுப்பினாள்.

"பார்ட் நம்பர் தப்பு. திருப்பி எழுதிக்கினு வாங்க."

"மிஷின் நின்னுக்கினு இருக்கும்மா."

"தப்பான பேரிங்கப் போட்டா ஓடிடுமா?"

புதுவாயலில் சித்தி வீட்டில் தங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆட்டோக்காரர்கள் ஸ்டிரைக். சாயந்திரம் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தவளிடம், வண்டியில் விடட்டுமா என்று கேட்டேன். என்னிடம் ஒரு நூற்றைம்பது சிசி பைக் இருந்தது. நீண்ட தூரம் போகிற ஆசையில் ஹேண்டிலை உயர்த்தி, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னால் பெட்டி வைக்கச் சட்டம் அடித்து வைத்திருந்தேன். அவள் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு பக்கமா உக்காந்தா இந்தக் காலு நிக்காது. தொங்கிக்கினே வரும். சக்கரத்துல போய்டும்."

"ரெண்டு பக்கமும் போட்டு உக்காந்தா?"

"உக்காரலாம். கால வைக்க எடம் இன்னா கீது இதுல? எல்லாத்தையும் மாத்திக்கீறீங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் பண்ணலியே."

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தே போனாள். மறுநாள் ஸ்டோர்ஸ் ஜன்னலில் போய் நின்று, முழங்காலிலிருந்து குதிகால்வரை எவ்வளவு நீளம் என்று கேட்டேன். யாரும் கேட்கக்கூடாத கேள்விதான்.  அவள் ஒரு சீட்டை எடுத்து, பொருள், கால்பலகை, இடது. எண்ணிக்கை, ஒன்று என்று எழுதி, அளவையும் போட்டு நீட்டினாள். மேலதிகாரி கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

3

முதல் கால்பலகையை ஐந்து மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வெட்டி, ஃபுட்ரெஸ்ட் தாங்கியோடு வெல்டிங் வைத்தேன். இரண்டு மாதம் ஓடியது. கோமளா ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து ஹைவேயில் வருவதைப் பார்க்கப் புதுவாயல் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பலகை முறிந்தது. அவள் கால் தரையில் இழுபட்டது. நான் பிரேக்கை அழுத்த, வண்டி சாய்ந்து இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, எங்களுக்கு ஓர் ஆள் நீளத் தூரத்தில் நின்றது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் என் சட்டையைப் பிடித்தார்.

"காலு முடியாத பொண்ண இப்டியாயா இட்டுக்கினு வருவ? அறிவு கீதா உனுக்கு?"

  டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து அவள் முழங்கைச் சிராய்ப்பில் யாரோ சோடா ஊற்றிக் கழுவினார்கள். அவள் அழவில்லை. "அத்த எடுத்துக்கினு வாங்க" என்று ரோட்டில் கிடந்த பலகையைக் காட்டினாள். எடுத்துப் போய்க் கொடுத்தேன். முறிந்த விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெல்டிங் உடல. வெல்டிங்குக்குப் பக்கத்துல உட்டுக்கீது. மூலைய கூரா வெட்டிக்கீறீங்க பாருங்க, அங்கேர்ந்துதான் வெடிப்பு ஓடிக்கீது."

நாலு வருஷமாக ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வருகிற உடைந்த சாமான்களின் அறிக்கையை டைப் அடித்துக்கொண்டிருந்தவள் அவள். ஃபிட்டர் நான். ஆனால் உடைந்த விளிம்பைப் படிக்கத் தெரிந்தது அவளுக்குத்தான்.

"திருப்பி செஞ்சிக்கினு வாங்க" என்றாள், சீட்டைத் திருப்பித் தருகிற அதே குரலில்.

இனி உங்கள் வண்டியில் வரமாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அந்த நிமிஷம்தான் இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது நைனா, கதிர் அறுத்துவிட்டு வந்த கையைக்கூடக் கழுவாமல் கேட்டார்.

"காலப் பாத்தியாடா?"

"பாத்தேன் நைனா. அளவே எடுத்துட்டேன்."

இரண்டாவது பலகையில் வெல்டிங்கே கிடையாது. தடித்த தகடு, மூலையெல்லாம் அரத்தால் வளைவாக ராவியது, வண்டியில் ஏற்கனவே இருக்கிற ஓட்டைகளிலேயே போல்ட் போட்டது, குதிகால் பின்னால் வழுக்காமல் ஒரு கிண்ணம். மூன்று வருஷம், அவள் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் போட்ட லீவு தவிர ஒவ்வொரு நாளும் அதில்தான் வேலைக்கு வந்தாள். ஒரு வெடிப்பு விடவில்லை.

வீட்டிலேயே வண்டியை மாற்றிக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாரம் தாங்குகிற சட்டத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், கம்பெனி விட்டிருக்கும் ஓட்டையைப் பயன்படுத்துங்கள். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். சொல்கிற நானே ஒருமுறை பார்க்கத் தவறினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

4

இரண்டாயிரத்து மூன்றில் கோமளாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. தொழிற்சாலைக் கிடங்குகளுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வேலை. மகள் மதுவுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் "மனைவியைச் சார்ந்து வருபவர்" என்ற முத்திரையோடு வந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வந்தது. படிவத்தில் "கற்ற தொழில்" என்று ஒரு கட்டம். நான் ஐ.டி.ஐ. சான்றிதழை நீட்டினேன். அந்த ஊழியர் மரியாதையாக வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, கட்டத்தில் "இல்லை" என்று எழுதினார். இந்த நாட்டுச் சான்றுக்கு அது சமம் இல்லையாம்.

கிடங்கு ஒன்றில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். இன்றும் அதுதான். உழைத்துச் சாப்பிடுகிற வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "இல்லை" தினமும் கூடவே வேலைக்கு வந்தது.

அம்மா இறந்தபோது என் பாஸ்போர்ட் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தது. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். விடுமுறைக் காலம், கோப்பு வேறொரு மேஜையில் இருக்கிறது என்றார்கள். கையில் கிடைத்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. நைனா போனில், "நீ வர்ற வரைக்கும் வச்சிக்கினு இருக்க முடியாதுல்ல" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

அதற்கடுத்த மாதம்தான் இந்த வண்டியை வாங்கினேன். கிடங்கில் கூட வேலை செய்தவர் விற்றார். ஆயிரத்து நூறு சிசி ஸ்போர்ட் டூரிங் பைக். பாதி பந்தய வண்டி, பாதி தூரதேசப் பயண வண்டி. வேகமும் உண்டு, நாள் முழுக்க உட்கார்ந்து போகவும் முடியும். முகப்பு பிளாஸ்டிக் உடைந்திருந்ததால் விலை எனக்கு எட்டியது. பார்த்ததும் கோமளா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனுக்கு எடம் கீதா?"

பின் ஃபுட்ரெஸ்ட் பந்தய வண்டி போல உயரத்தில் இருந்தது. முழங்காலை அப்படி மடக்க அவள் காலிப்பர் விடாது.

"செய்யணும்" என்றேன்.

"அப்போ செய்ங்க. ஆல்ப்ஸ் மலைய காலண்டர்ல பாக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?"

5

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கார் மட்டும் நிற்கிற ஷெட் உண்டு. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து அது என் ஒர்க்‌ஷாப். ஊரில் இருக்கிற பைக் நண்பர்கள் கேட்பதால் அங்கே செய்வதை எழுதுகிறேன்.

செயினை மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கிறேன். கம்பி பிரஷ் ஆகாது, கண்ணிகளுக்குள் இருக்கிற ரப்பர் வளையம் கிழியும். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு நாலைந்து இடத்தில் தொய்வைப் பார்க்கிறேன், ஏனென்றால் எந்தச் செயினும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் ஆயிலை வண்டி கொஞ்சம் ஓடிச் சூடான பிறகு வடிக்கிறேன். ஹேண்டிலை ஓர் அங்குலம் உயர்த்தியபோது, போல்ட்டை முடுக்குவதற்குமுன் இடமும் வலமும் முழுக்கத் திருப்பி, பிரேக் குழாய் எங்காவது இழுபடுகிறதா என்று பார்த்தேன். பின்னால் ஆளும் பெட்டியும் ஏறினால் பின்ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

இதெல்லாம் ஊரில் செய்ததுதான். வண்டி பெரிதாகிவிட்டது, கை அதே கை.

சோதனையில் தோற்று வந்த சனிக்கிழமை ஷெட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. கோமளா அந்த நாலு வரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"இவங்க முடியாதுன்னு சொல்லல. சீட்டு சரியில்லன்னுதான் சொல்லிக்கீறாங்க."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் செய்யற வேல கோமளா இது. எனுக்கு இந்த பாஷயில ஒரு லெட்டர் எழுத வராது."

"ஏழு வருஷம் நீங்க எழுதுன சீட்ட நாந்தானே திருத்தினேன்? திருப்பி எழுதுவோம்."

6

முதலில் உலோகம். சான்றிதழோடு விற்கிற கடையில் விமானப் பாகங்களுக்குப் பயன்படுகிற வகை அலுமினியத் தகடு வாங்கினோம். சோதனையில் தோற்ற பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினேன். அடுத்து வரைபடம். பென்சிலும் ஸ்கேலும் வைத்து மூன்று பக்கத் தோற்றமும், ஒவ்வொரு வளைவின் அளவும், ஒவ்வொரு ஓட்டையின் விட்டமும் வரைந்தேன். கிடங்கில் பெட்டி அடுக்குகிற கைக்குக் கோடு போடுவது மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

பிறகு பாரச் சோதனை. வண்டியில் மாட்டுவது போலவே பலகையை ஓர் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகச் சங்கிலியில் தொங்கவிட்டேன். எட்டு கேன். கோமளாவைப்போல மூன்று மடங்கு. வளைவைக் காட்டும் முள் மானியில் அவள் மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதினாள். காலையிலிருந்து சாயந்திரம்வரை தொங்கியது. கேன்களை இறக்கியதும் முள் நகர்ந்து நகர்ந்து சரியாகப் பூஜ்யத்தில் போய் நின்றது.

"ஒத்துக்கிச்சு" என்றாள் கோமளா.

கடைசியாக விளக்கக் கடிதம். அகராதியை வைத்துக்கொண்டு நானேதான் எழுதினேன். சமையலறை மேஜையில் பரப்பி வைத்திருந்தபோது மது வந்து எட்டிப் பார்த்தாள். ஏழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற வயது. பள்ளிக்கூட வாசலில் நான் அவளைக் கூப்பிடும்போது, தோழிகள் காதில் விழாமல் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அது பாசத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அப்பா, எல்லாம் தப்பு" என்றாள் ஜெர்மனில்.

இந்த மொழியில் பலகைக்கு, போல்ட்டுக்கு, நட்டுக்கு எல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு. நான் பெரும்பாலும் குத்துமதிப்பாகப் போட்டிருந்தேன். மது பள்ளிப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் திருத்த ஆரம்பித்தாள். இருபத்திரண்டு இடம். பாதியில் நிறுத்தி, வரைபடத்தைக் காட்டி, "இதை எங்கே வாங்கினாய்?" என்று கேட்டாள்.

"வாங்கல. நான் வரைஞ்சது."

அவள் அதைத் தன் பக்கம் இழுத்து, கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "நீயா?" என்றாள். அது தமிழில் வந்தது.

7

இரண்டாவது சோதனைக்கும் அதே அதிகாரிதான். கடிதத்தைப் படித்தார், வரைபடத்தைப் படித்தார், தண்ணீர்க் கேன் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்து, வரைபடத்தில் உள்ள எல்லா அளவையும் பலகையில் வைத்துச் சரிபார்த்தார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தானே ஒரு காலால் பலகைமேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்தார். 

குனிந்து அடியில் டார்ச் அடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இன்றைக்கு இரண்டு முட்டரும் இருக்கின்றன" என்றார்.

"எங்கே தொழில் கற்றீர்கள்?"

"கும்மிடிப்பூண்டி."

எழுத்துக் கூட்டச் சொன்னார். கம்ப்யூட்டரில் பாதிவரை தட்டியவர் நிறுத்திச் சிரித்தார். ஜெர்மனில் கும்மி என்றால் ரப்பர். "இல்லை, எங்கள் ஊர் இரும்பு ஊர்" என்றேன். ஆறு வருஷத்தில் நான் தப்பில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டிப் பத்திரத்தில் அச்சாகி வந்த வரியை அங்கேயே நின்று நாலு தடவை படித்தேன். பின்னிருக்கைக்கு இடது கால்பலகை, உரிமையாளரின் சொந்தத் தயாரிப்பு, தொழில்முறைத் தரத்தில் செய்யப்பட்டது. ஒரு கட்டத்தில் "இல்லை" என்று எழுதிய அதே நாடு, இன்னொரு கட்டத்தில் இதை எழுதியிருக்கிறது.

நைனாவுக்குப் போன் செய்தேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "டப்பு எதுனா குடுத்தாங்களா?" என்றார்.

"இல்ல நைனா. பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க."

"அப்ப மருவாதிய குடுத்துக்கீறாங்க. பத்திரமா வச்சிக்கோ." பிறகு, "உங்கம்மா இருந்தா தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்திருப்பா" என்றார். போன வருஷத்துக்குப் பிறகு அவர் அம்மா பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு வெகுநேரம் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

8

ஜூன் மாதத்தில் மதுவைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு, நானும் கோமளாவும் கிளம்பினோம். ஆஸ்திரியாவைத் தாண்டி இத்தாலி எல்லையில் இருக்கிற ஒரு மலைக்கணவாய். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தவள் முப்பதுக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். வெயில் காய்ந்தது, ரோட்டோரத்தில் பனியும் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் என்னோடு சேர்ந்து சாய்ந்தாள். கால் கிண்ணத்தில் அசையாமல் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் என்னவோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. திட்டு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

உச்சியில் ஐம்பது அறுபது வண்டிகள் நின்றன. கோமளா இறங்கி, காலிப்பரைப் பூட்டிக்கொண்டு, எதிரே இருந்த வெள்ளைச் சிகரங்களைப் பார்த்தபடி நின்றாள். நான் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த டீயை ஊற்றினேன்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் எங்கள் வண்டியருகே வந்து குந்தி உட்கார்ந்தார். இத்தாலிக்காரர். அவருடைய மனைவி சற்றுத் தள்ளி, முழங்காலைப் பிடித்தபடி ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். தாடிக்காரர் பலகையைத் தடவினார், கிண்ணத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார், தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கோமளாவிடம் திரும்பி, அரைகுறை ஆங்கிலத்தில், "வெரி குட். எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

கோமளா என்னைக் கண்ணால் காட்டி, ஆபீஸ் பழக்கத்தில் ஜெர்மனிலேயே சொன்னாள்.

"மைன் மன்."

என் புருஷன் என்று அர்த்தம். அவருக்கு ஜெர்மன் தெரியாது போலிருக்கிறது. சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, அதன் முதுகில் கம்பெனிப் பெயராக "மைன்மன்" என்று சேர்த்து எழுதி, சரியா என்று காட்டினார். நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். கோமளா என் கையை அழுத்தினாள்.

"சும்மா இருங்க. சரியாத்தான் எழுதிக்கீறாரு."